அரை கிரவுண்டை விற்க வேண்டாம், ட்ரிபிள் ஈ எடுக்கட்டும்

கொளத்தூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு எந்த வீட்டிலும் நிம்மதியான தூக்கம் இருக்காது. உங்கள் மகள் ட்ரிபிள் ஈ, அதாவது எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் கேட்கிறாள். உங்கள் தம்பியோ, சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ மாதிரி கோர் பிராஞ்ச் எடுத்தால் வேலையே கிடைக்காது, ஏஐ-டேட்டா சயின்ஸ்தான் படிக்க வேண்டும் என்கிறார். அதற்கு ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத்துக்கு 16 லட்சம் என்று பேசியிருக்கிறீர்கள். சீட்டைப் பிடித்துவைக்க 50,000 கட்டச் சொல்கிறார்கள். திருநின்றவூரில் வாங்கிப் போட்ட அரை கிரவுண்டை விற்கலாமா, கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம்.

‘எந்நேரமும் இதையே கட்டிக்கொண்டு அழுகிறாள்’ என்ற புகாரோடு அவள் எழுதிய புரோகிராமையும் அனுப்பியிருந்தீர்கள். புகாரைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன். தமிழ்நாட்டின் அன்றாட மின் உற்பத்திக் கணக்கை எடுத்து நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, அணு, நீர், காற்று, சூரியன் என்று பிரித்து, மாதவாரியாகக் கூட்டி, வரைபடம் போடுகிறது. பைத்தானில் சின்ன புரோகிராம்தான். எந்த டேட்டா சயின்ஸ் மாணவரும் இரண்டாவது செமஸ்டரில் எழுதிவிடுவார். உங்கள் தம்பியும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் ஓரத்தில் அவள் எழுதி வைத்திருக்கும் கேள்விகளை அவர் படித்திருக்க மாட்டார். மே முதல் செப்டம்பர் வரை காற்று ஏன் இப்படி எகிறுகிறது? ஜூலையில் ஒரு நாள் மட்டும் பாதியாகக் குறைந்தது ஏன்? இந்தக் கேள்விகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பில் பதில் கிடையாது.

அந்த ஜூலை நாளையே எடுத்துக்கொள்வோம். புரோகிராமைக் கேட்டால் ‘காற்று குறைந்தது’ என்று சொல்லும். ஆனால் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் அன்று காற்று நன்றாகவே வீசியிருக்கலாம். மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் கம்பி வலையமைப்பான கிரிட் தாங்காத நேரத்தில் காற்றாலைகளை உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். அதை ‘பேக் டவுன்’ என்பார்கள். அட்டவணையில் இரண்டு நிலைமையும் ஒரே மாதிரி சின்ன எண்ணாகத்தான் தெரியும். எது எது என்று பிரித்துச் சொல்ல மின்சாரம் படித்திருக்க வேண்டும்.

இன்னொன்று, கோவை மாவட்டத்துக் காடம்பாறை. 400 மெகாவாட் நிலையம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே இருக்கிற தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். ஏற்றும்போது அது மின்சாரத்தைத் தின்கிற நிலையம். நீலகிரியின் குந்தா நீர்மின் நிலையங்களோடு சேர்த்து ‘நீர்’ என்று ஒரே வரிசையில் கூட்டினால் கணக்கு கோணலாகிவிடும். மொட்டை மாடி சோலார் வேறு இருக்கிறது. வீட்டிலேயே செலவாகிற அந்த மின்சாரம் நிலையங்களின் உற்பத்திப் பட்டியலில் வராது. பகலில் ஊருக்கே மின் தேவை குறைந்ததுபோல வரைபடம் காட்டும்.

உங்கள் மகள் ஒரு தப்பும் செய்திருக்கிறாள். நிறுவுதிறனையும் (நிலையம் அதிகபட்சம் தரக்கூடிய அளவு, மெகாவாட்டில்) உற்பத்தியையும் (உண்மையில் தந்த மின்சாரம், யூனிட்டில்) ஒரே வரைபடத்தில், ஒரே அளவுகோலில் போட்டுவிட்டாள். கூடங்குளத்தில் ஒரு 1,000 மெகாவாட் உலை நாள் முழுக்க முழு வீச்சில் ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட் கிடைக்கும். அதே 1,000 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் ஏறக்குறைய 50 லட்சம் யூனிட் வந்தாலே நல்ல நாள். மெகாவாட் ஒன்றுதான், யூனிட் வேறு. பெரியவர்களே மேடையில் இதைக் குழப்புகிறார்கள், பள்ளிப் பெண்ணை என்ன சொல்வது! ட்ரிபிள் ஈ முதல் வருடத்தில் சரியாகிவிடும்.

சரி, இதைப் படித்தால் சோறு போடுமா என்பதுதானே உங்கள் கேள்வி? தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்றாலையும் சோலார் நிலையமும் ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தருவோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணிப்பு ரொம்பத் தவறினால் பணம் கட்ட வேண்டும். அதனால் கணித்துச் சொல்வதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. எந்த நிலையம் எப்போது எவ்வளவு தர வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மாநில மின்சுமை அனுப்பும் மையம் சென்னையில், தென்மண்டல மையம் பெங்களூரில். நாட்டின் கிரிட்டை இயக்கும் கிரிட் இந்தியா, இன்ஜினீயரிங் படித்தவர்கள் எழுதும் கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கிறது. இந்த வேலைகளுக்கெல்லாம் மின்சாரமும் புரோகிராமும் சேர்ந்து தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அதிகம் கிடைப்பதில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. முதல் சம்பளம் ஓஎம்ஆர் கம்பெனிச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அரசு நிறுவனங்களில் ஆள் எடுப்பு எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பல சாஃப்ட்வேர் கம்பெனிகள் எல்லா பிராஞ்சிலிருந்தும் ஆள் எடுக்கின்றன, ட்ரிபிள் ஈ படித்தவளுக்கு அந்தக் கதவு சாத்தப்படவில்லை. வெறும் டேட்டா சயின்ஸ் படித்தவர் கிரிட் பக்கம் வருவதுதான் சிரமம். புரோகிராமைப் பக்கத்திலேயே கற்கலாம். ஐஐடி மெட்ராஸ் நடத்தும் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பை இன்னொரு டிகிரியோடு சேர்த்தே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மின்மாற்றியையும், கோளாறு வந்தால் மின்சுற்றைத் துண்டிக்க வைக்கும் ரிலேவையும் லேபில் தொட்டுப் பார்க்காமல் படிக்க முடியாது.

பணத்துக்கு வருகிறேன். 16 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து வருடத் தவணையாகக் கட்டினால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் போகும். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும், அப்போதும் அதே மனைதான் போய் நிற்கும். அடுத்து மகன் பத்தாவது படிக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிரகாசமான பெயர் வைத்த ஒரு படிப்புக்காக, அந்தப் பெண் கேட்கவே கேட்காத ஒன்றுக்காக, வீட்டின் ஒரே சொத்தை விற்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்த 50,000-ஐக் கட்டாதீர்கள்.

கவுன்சலிங்கில் பதிவு செய்யுங்கள். அரசுக் கல்லூரிகளையும் அரசு உதவி பெறும் கல்லூரிகளையும் முதலில் வையுங்கள். அப்புறம்தான் சுயநிதிக் கல்லூரிகள். அதிலும் ட்ரிபிள் ஈ லேப் இன்றும் ஒழுங்காக ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், சேர்க்கை குறைந்து பூட்டிவைத்த லேப்கள் உண்டு. ரேங்க் வந்ததும் அந்தப் பட்டியலோடு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காடம்பாறையைத் தனி வரிசையாகப் பிரித்த புரோகிராமோடு அவள் வரட்டும்.

தம்பியிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள், நானே பேசுகிறேன்.