கைராசியும் தக்காளிப் பூவும்

அன்புள்ள சார்,

வணக்கம். மாடித்தோட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் 2024 மாசியில் நாங்களும் ஆரம்பித்தோம். விழுப்புரத்தில் சொந்த வீடு, மொட்டைமாடி முழுக்கக் காலி, வெயிலுக்குப் பஞ்சமில்லை. வருஷம் முடிந்து கணக்குப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது.

தக்காளி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது, கொத்துக் கொத்தாகப் பூத்தது, ஒன்றுகூடக் காயாகவில்லை. யூடியூபில் சொன்ன பெருங்காயத் தண்ணீர், தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் எல்லாம் அடித்துப் பார்த்தேன். பாகலிலும் அப்படித்தான், பூ மட்டும்தான். மிளகாய் இலை சுருண்டுவிட்டது. கத்தரி முதலில் நன்றாகக் காய்த்து அப்புறம் வெட்டினால் எல்லாம் புழு. வெண்டை கொஞ்ச நாள் நல்ல காய் கொடுத்துவிட்டு மஞ்சளாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி சும்மா கொடுத்த கொத்தவரை விதையை ஒரு ஓரத்தில் போட்டேன், அது மட்டும் பறிக்கப் பறிக்கக் காய்த்தது, எங்கள் வீட்டில் அதைத் தின்ன ஆளில்லை. மறுபடி ஐப்பசியில் நாற்று விட்டேன், ஃபெஞ்சல் புயல் மழையில் மாடிக் குழாய் அடைத்துக்கொண்டு விடியும்வரை செடிப் பைகள் தண்ணீரிலேயே நின்றன. நாற்று எல்லாம் போச்சு. பசலையும் பொன்னாங்கண்ணியும் பிழைத்தன. ஒதுக்கிவைத்த பை ஒன்றில், சமையலறைக் கழிவு உரத்தில் வந்த விதையாக இருக்கும், தானாக முளைத்த தக்காளி இப்போது தையில் காய்த்துக்கொண்டிருக்கிறது. அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

அப்பா திருவெண்ணெய்நல்லூர் பக்கம் நெல்லும் கரும்பும் போட்டவர். “சித்திரையில் எவனாவது தக்காளிக்குக் காத்துக்கிட்டு இருப்பானா, அதுவும் பையில?” என்று சிரிக்கிறார். எனக்குக் கைராசி இல்லையா சார்? விட்டுவிடலாமா? நீங்கள் போடும் படங்களில் கூடை எப்போதும் நிறைந்தே இருக்கிறதே, அது எப்படி?

எஸ்., விழுப்புரம்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடை நிறைந்த அன்றைக்குத்தான் படம் எடுக்கத் தோன்றும். பூச்சி பிடித்த செடியைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள்? சென்ற சித்திரையில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் என் மாடியிலும் தக்காளி காய்க்கவில்லை, மிளகாய் பாதி போனது. வெண்டையும் கொத்தவரையும்தான் வீட்டுக்கு வந்தன.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. திரும்பிக்கூடப் பார்க்காத தக்காளி தையில் காய்க்கிறது, தினமும் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்த தக்காளி சித்திரையில் காய்க்கவில்லை. அதே மாடி, அதே ஆள். மாறியது மாதம்தான்.

தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம் பெரிய எதிரி. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் சரியாக உருவாவதில்லை, உருவானதும் உயிரில்லாமல் கிடக்கும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் பெரும்பாலும் விடியற்காலையில்கூட 27, 28-தான். போதாததற்குப் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரி பத்து மணி வரை பைகளுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை பூ உதிரும்போது காம்பை உற்றுப் பாருங்கள். நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அந்தக் கணு முதலில் மஞ்சளாகும், அப்புறம் விரல் பட்டாலே அந்த இடத்தில் முறிந்து பூ கையோடு வந்துவிடும். கருத்தரிக்காத பூவைச் செடியே கழித்துவிடுகிறது, நோய் ஒன்றும் இல்லை. ஆகவே பெருங்காயமும் தேமோரும் இங்கே ஒன்றும் செய்யாது. தேமோர் நல்ல சரக்குதான், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது ராத்திரியைக் குளிர வைக்காது. ஐம்பது சதவீத நிழல்வலை கட்டினால் செடி கருகாமல் தப்பிக்கும், காய்க்கும் என்று நம்பிக் காசு போடாதீர்கள்.

அப்படியானால் சித்திரையில் கடையில் தக்காளி எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். அதில் நிறைய கோலார், மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்து லாரியில் வருவது. அதெல்லாம் கடல்மட்டத்துக்கு எழுநூறு, எண்ணூறு மீட்டர் மேலே இருக்கும் ஊர்கள், ராத்திரியில் நம்மைவிட நன்றாகக் குளிரும். அங்கேயும் பருவம் இடறினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலையில் பார்த்தோமே, கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்கிற அளவுக்குப் போனது. தக்காளியையே தொழிலாக வைத்திருக்கும் ஊர்களுக்கே அந்தக் கதி. விழுப்புரத்து மாடியில் சித்திரையில் காய்க்கவில்லை என்று நீங்கள் ஏன் குறுகிப்போக வேண்டும்?

பாகலும் வெயில்தான். சூடு ஏறினால் ஆண்பூ அதிகம், பெண்பூ அபூர்வம். பூவுக்குப் பின்னால் குட்டிப் பாகற்காய் ஒட்டியிருந்தால் அது பெண்பூ. அது கண்ணில் பட்டால் காலையிலேயே ஒரு ஆண்பூவைப் பறித்து அதன் மேல் தடவிவிடுங்கள், மாடிக்குத் தேனீ வரும் என்று நம்பி இருக்க முடியாது. வெண்டை மஞ்சளானது நரம்புத் தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புவது. நரம்பு மட்டும் வலை பின்னியதுபோல் மஞ்சளாகும்போதே அந்தச் செடியைப் பிடுங்கிப் போட்டால் மற்றவை தப்பிக்கலாம். மருந்து அடித்து அதைக் குணமாக்க வழியில்லை. அதுவரை காய்த்ததை வெற்றிக் கணக்கில்தான் எழுதவேண்டும், நீங்கள் தோல்வியில் எழுதியிருக்கிறீர்கள்.

கத்தரி விஷயம் வேறு. இதை வெயில் தலையில் போட முடியாது. தண்டுதுளைப்பான் புழு காய்க்கு வருவதற்கு முன்னாலேயே கொழுந்துக்கு வந்திருக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே, காலை நேரத்திலேயே, ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கி நிற்கும். நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஒரு குடம் சேர்த்து ஊற்றுவோம். அந்தக் கொழுந்தை வாடிய இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே வெட்டி, நகத்தால் நெடுக்கப் பிளந்து பாருங்கள், உள்ளே குடைந்த பாதையும் எச்சமும், கடைசியில் இளஞ்சிவப்பில் ஒரு புழுவும் இருக்கும். வெட்டியதை மாடி மூலையில் போட்டால் அங்கிருந்தே அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும், சோப்புத் தண்ணீரில் முக்கிவிடவேண்டும், உரத்தொட்டியிலும் போடக்கூடாது. கத்தரிக்கு வாரத்தில் இரண்டு தரம் இந்தக் கொழுந்து பார்க்கும் வேலை உண்டு. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கத்தரி வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

கொத்தவரையை நீங்கள் ஓரத்தில் போட்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. நாட்டிலேயே அது அதிகம் விளைவது ராஜஸ்தான் மணலில். அதற்கு நம் அக்னி நட்சத்திரம் என்ன பெரிய விஷயம்! தின்ன ஆளில்லை என்கிறீர்கள். பிஞ்சாகப் பறித்துப் பருப்பு உசிலி செய்து பாருங்கள், முற்றவிட்டால் யாருக்கும்தான் பிடிக்காது. மிஞ்சியதை உப்புப் போட்டு அரைவேக்காடாக எடுத்து, மோரில் ஊறவைத்து அதே மாடியில் காயப்போட்டால் வற்றல். கார்த்திகை மழையில் காய்கறிக் கடைக்குப் போக முடியாத நாளில் வற்றக்குழம்புக்கு ஆகும்.

ஃபெஞ்சலைப் பற்றி. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்த அந்தப் புயலில் உங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டிய மழையில் பெரும் பங்கு அது. அதில் நாற்று அழுகியதற்கு வருத்தப்படலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தென்பெண்ணை வெள்ளத்தில் அப்பாவின் ஊர்ப் பக்கம் வயல்களுக்கு என்ன ஆனது என்று அவரைக் கேட்டால் சொல்வார். நமக்குப் போனது பத்துப் பதினைந்து பை. இதைச் சொல்லி உங்கள் வாயை அடைக்கவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு என் செடிகளைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது.

மழைக்கு நம்மால் முடிந்தது கொஞ்சம் உண்டு. பையின் அடியில் மட்டும் துளை இருந்தால் தளத்தோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும், பக்கவாட்டிலும் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே துளை போடுங்கள், பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த கலவை வெயிலுக்கு வரம், மழைக்குச் சாபம், தண்ணீரை விடவே விடாது. இன்னொன்று, மழை விட்டதும் மண் சொதசொதவென்று இருக்கும்போதே செடி வாடி நிற்கும். அது தாகம் இல்லை, வேர் மூச்சு முட்டுகிறது. அப்போது தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. கலவை ஓரளவு காய்ந்த பிறகு மேலாகக் கிளறிவிட்டுக் கொஞ்சம் மண்புழு உரம் போட்டால் போதும், மழை சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

இனி அப்பா. சிரிக்கிறார் என்று புகார் சொல்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு யூடியூப் சொல்லாததை ஒரே வரியில் சொன்னவர் அவர்தான். பட்டம், அதாவது விதைக்கும் பருவம், பார்க்காமல் நட்டதுதான் உங்கள் தக்காளியின் பிரச்சினை. ஒரு இடத்தில் மட்டும் நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். ஆடிப்பட்டம் தேடி விதைத்தவர்கள் வானத்துத் தண்ணீரை வைத்துக் கணக்குப் போட்டவர்கள். உங்கள் மாடியில் குழாய் இருக்கிறது, தண்ணீர் எல்லா மாதமும் உண்டு. அங்கே பட்டத்தைத் தீர்மானிப்பது சூடும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும்தான். வயல் காலண்டரை அப்படியே தூக்கி மாடியில் வைக்க முடியாது, கொஞ்சம் தள்ளிவைக்கவேண்டும். நான் தக்காளி நாற்றைக் கார்த்திகைக் கடைசியில் கூரைக்கு அடியில் விடுகிறேன், மார்கழியில் பைக்கு மாற்றுகிறேன். தை, மாசியில் இரவு இருபது, இருபத்திரண்டுக்கு இறங்குகிறது, காய் பிடிக்கிறது. பங்குனியோடு தக்காளிக்குக் கும்பிடு. அதற்கப்புறம் வெயிலுக்கு அஞ்சாத வெண்டை, கொத்தவரை, காராமணி, கீரை. சமையலறை சித்திரையில் தக்காளி கேட்டால் கடைக்குத்தான் போகவேண்டும்.

பணக் கணக்கு கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பை, நார்க்கட்டி, விதை, மோட்டார் கரண்ட் எல்லாம் போட்டால் முதல் இரண்டு வருஷம் கடைக் காய்தான் மலிவு. மிச்சம் பிடிக்கத் தோட்டம் போடுகிறேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. கீரை மட்டும் விதிவிலக்கு. ஒரு பை பசலை ஒரு தரம் வைத்தால் வெட்ட வெட்ட வரும், கட்டு இருபது ரூபாய்க்கு வாங்குகிற வீட்டில் அது நிஜமாகவே காசு. எனக்குத் தோட்டம் வேண்டியிருப்பது சாயங்காலம் போனை வைத்துவிட்டு மாடிக்குப் போக ஒரு சாக்குக்காக. உங்களுக்கு அந்தச் சாக்கு தேவையில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம், கீரைப் பைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுவதாக இல்லை என்றால் ஒரு வேலை. சித்திரையில் பாதிப் பைகளுக்கு ஓய்வு கொடுங்கள். காய்ந்த செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள், முண்டும் முடிச்சுமாக இருந்தால் வேரைத் தாக்கும் நூற்புழு. அந்தக் கலவையை மாடியில் மெல்லியதாகப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஓரங்களில் செங்கல் வைத்து நாலைந்து வாரம் விட்டுவிடுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம். தக்காளியைக் கெடுத்த அதே வெயில் உள்ளே இருக்கும் புழுவையும் பூஞ்சையையும் பெருமளவு வேகவைத்துவிடும். ஆடியில் வேப்பம் பிண்ணாக்கும் எருவும் கலந்து திரும்பப் பையில் நிரப்பலாம்.

மிளகாய்க்கு மட்டும் பதில் சொல்ல முடியவில்லை, இலை எந்தப் பக்கம் சுருண்டது என்று நீங்கள் எழுதவில்லை. படகு மாதிரி மேல்நோக்கி மடிந்திருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டிருந்தால் சிலந்திப்பேன். கொழுந்தை ஒரு வெள்ளைத் தாள் மேல் தட்டினால் இலைப்பேன் ஓடுவது கண்ணுக்கே தெரியும், சிலந்திப்பேனுக்கு லென்ஸ் வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் கொஞ்சம் வேறு. பார்த்துவிட்டு எழுதுங்கள், அதுவரை சுருண்ட நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருங்கள்.