பாப்பாவின் கேள்விக்காக வீட்டை அடகு வைக்க வேண்டாம்

அண்ணா, நேற்று நீங்கள் கிளம்பும்போது "பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி யோசித்தேன், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து 35 லட்சத்துக்கு உங்கள் பாப்பாவை வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்லும் உங்கள் மச்சான், திரும்பி வந்ததும் இங்கே பாஸ் பண்ண வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டாம். வட்டி கட்டப்போவது நீங்கள்.

பாப்பா கேட்டதைக் கவனித்தீர்களா? அப்பத்தாவுக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய், தினம் ஒரு இமாட்டினிப் மாத்திரை, ரிப்போர்ட் நன்றாகத்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் டாக்டர் மாத்திரையை நிறுத்தத் தயங்குகிறார் என்று கேட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு செல், அதற்குள் ஒரு பை, பைக்குள் பழைய மைட்டோகாண்ட்ரியா. அவளே தேடிப் படித்து வரைந்த ஆட்டோஃபேஜி! செல் தன் பழுதான பாகங்களைத் தானே தின்று பிழைப்பதுதான் அது. ஈஸ்டில் அதன் ஜீன்களைக் கண்டுபிடித்த ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாத்திரை, பெருகும் புற்று செல்களை அடிக்கிறது. எலும்பு மஜ்ஜையில் தூங்கிக் கிடக்கும் புற்று ஸ்டெம் செல்கள் (மற்ற செல்களை உருவாக்கும் மூல செல்கள்) தப்பிவிடுகின்றன, அதற்கு ஆட்டோஃபேஜியும் கைகொடுக்கிறது. சரி, அதைத் தடுத்துவிடலாமே என்றால், நம் நல்ல ரத்த ஸ்டெம் செல்கள் சீக்கிரம் முதுமை தட்டாமல் இருப்பதும் அதே ஆட்டோஃபேஜியால்தான். ஆட்டோஃபேஜியைத் தடுக்கும் மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை இமாட்டினிப்போடு சேர்த்து பிரிட்டனில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த அளவு பலன் இல்லை. பாப்பா வந்து நிற்பது இந்த இடத்தில். (அப்பத்தா மட்டும் டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாது.)

நீட், இன்ஜினியரிங் பற்றிச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள், நான் பேசவில்லை. பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலோ உயிர்வேதியியலோ சேருங்கள். கட்டணம் உங்களைப் படுத்தாது. அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். "ஸ்டெம் செல் டெக்னாலஜி" என்று பெயர் வைத்து லட்சங்கள் கேட்கும் இளநிலைப் படிப்பு வேண்டவே வேண்டாம், வேதியியலும் புள்ளியியலும் உறுதியாக இருந்தால் போதும். இரண்டாம் ஆண்டில் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் இரண்டு மாதம் நல்ல லேபில் இருக்கலாம். 37 டிகிரி இன்குபேட்டரில் செல் வளர்ப்பது, செல் வளரும் சிவந்த திரவம் (மீடியம்) மஞ்சளாகத் தொடங்கியதும் மாற்றுவது, ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்ப்பது எல்லாம் அங்கே பழகும், பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். மூன்றாம் ஆண்டில் மேற்படிப்புக்கான ஜாம், காட்-பி நுழைவுத் தேர்வுகள். ஜாம் வழியாக பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) எம்.எஸ்சி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கே போகலாம். பெங்களூர் ஜவஹர்லால் நேரு மையத்தில் ஆட்டோஃபேஜிக்கென்றே லேப் உண்டு, வேலூர் சி.எம்.சி.யில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமே இருக்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறையில் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம், நிரந்தர வேலைக்கு முப்பது வயதுகூடத் தாண்டலாம். ஆனால் எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி மாணவர் தகுதி வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதற்குப் பிறகு அவள் படிப்புக்கு நீங்கள் பணம் தேட வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சை அதுவரை யாரும் எடுக்கக் கூடாது, இதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். மச்சான் வேண்டாம்.