அறுநூறு ரூவா பிச்சையா? செங்கோட்டைப் பக்கத்துக் கேள்விகள்

தென்காசியில மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். தமிழ்நாடு அரசு வேலையில்லாதவங்களுக்குத் தர்ற உதவித்தொகை, அதை ஒட்டின சங்கதிகள் பத்தி வந்த கேள்விகளுக்கு, தெரிஞ்ச வரைக்கும் பதில்.

பண்பொழி வாசகி: பி.ஏ. முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு அண்ணாச்சி. உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம்னா, மாமனார் 'பிச்சைக்காசு'ன்னு சொல்லுதாரு.

கொள்முதல் நிலையத்துல நெல்லுக்கு ஊக்கத்தொகை வாங்குறாரே மாமனார், அது மட்டும் என்னவாம்? பட்டதாரிக்கு மாசம் 600, பிளஸ் டூவுக்கு 400, பத்து பாஸானா 300, ஃபெயிலுக்கு 200. வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிவு பண்ணி அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும். வீட்டு வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள்ள. வயசு 40, எஸ்.சி., எஸ்.டி.க்கு 45. அதுவும் மூணே வருஷந்தான். உங்களுக்குக் கூட்டிக் கழிச்சா மொத்தம் 21,600. இதை நம்பி எவ தாயி கால்மேல கால் போட்டு உக்காருவா? எழுதிப் போடுங்க.

புளியரை வாசகர்: வாரம் மூணு நாள் ஆரியங்காவுல ரப்பர் வெட்டப் போறேன். வாங்கலாமா?

இதுதான் சங்கடமான கேள்வி தம்பி. வேலையும் இல்ல, சுயதொழிலும் இல்லைன்னு வருஷா வருஷம் உறுதிமொழி எழுதிக் கொடுக்கணும். விடியுமுன்ன நெத்தியில லைட்டைக் கட்டிட்டு வெட்டப் போயிட்டு, நேரா எங்கிட்ட வந்தான் ஒரு பையன். விரல்ல ரப்பர் பால் பிசுக்கு. கையெழுத்துப் போட்டு முடிச்சும் பேனா கையை விட்டு வரல. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம், ஆனா அந்த மனுவை நான் கிழிச்சுப் போட்டேன். மூணு நாள் கூலியை வேலைன்னு கணக்குல எடுக்கிறது அநியாயம்னுதான் நானும் நினைக்கேன். அதுக்காகப் பொய்யில கையெழுத்துப் போடாதீங்க.

புனலூர்த் தமிழர்: கேரளாவுல எவ்வளவு?

மாசம் 120. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 12,000-க்குள்ள இருக்கணும். அப்படி ஒரு வீட்டைப் புனலூர்ல தேடிப் பாருங்க.

கடையநல்லூர் வாசகர்: நான் வேலை பார்த்த மில்லை மூடிட்டாங்க.

சம்பளத்துல இ.எஸ்.ஐ.ன்னு தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிச்சாங்களா? அப்படின்னா, வேலை போனவங்களுக்குன்னு அதுல 2018-ல வந்த அடல் திட்டத்துல சராசரிச் சம்பளத்துல பாதி, 90 நாள் வரைக்கும். ஆயுசுக்கு ஒரு தடவைதான். அதை நீட்டிச்சு நீட்டிச்சு ஓட்டுறாங்க, அதனால கிளை அலுவலகத்துல கேட்டுட்டு எழுதுங்க.

இன்னொருவர்: கடமை, கடமைங்காங்க. உரிமைன்னு எங்கயாவது எழுதியிருக்கா?

இருக்கு. அரசமைப்புச் சட்டம் 41-வது பிரிவு: வேலைக்கும், வேலையில்லாதப்ப உதவிக்கும் அரசு வழி செய்யணும். 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு'ன்னு ஒரு வாலும் உண்டு. 37-வது பிரிவைப் படிச்சா, இதை வச்சுக் கோர்ட்ல கேக்க முடியாதுன்னு தெரியும். 2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துல இன்னும் கறாரா எழுதியிருந்தாங்க: கேட்டு 15 நாள்ல வேலை தராட்டி உதவிப்படி, முதல் 30 நாளைக்குக் கூலியில கால் பங்காவது, அப்புறம் பாதியாவது. ஆனா வேலை கேட்ட தேதிக்கு ரசீது வேண்டியிருந்துச்சு. எங்கிட்ட வந்தவங்கள்ல ரசீது வச்சிருந்தவங்க ரெண்டே பேரு.