தெலுக் இந்தானில் முட்டிவலிக்கார அப்பாவை நடக்கக் கூட்டிப்போக நல்ல பாதை எது?

"கோலாலம்பூரிலிருந்து அப்பாவைக் கூட்டி வருகிறேன், முட்டி வலி, படி ஏற முடியாது. சாய்ந்த கோபுரத்தைத் தவிர தெலுக் இந்தானில் நடந்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "தவிர ஏதாவது" எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கோபமில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் தெலுக் இந்தான்காரி இல்லை. அதே பேராக் மாநிலத்தில், பக்கத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருப்பவள். "உனக்கென்ன அந்த ஊரைப் பற்றித் தெரியும்?" என்று யாராவது கீழே எழுதலாம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் துணிமணி, நகை, ஆஸ்பத்திரி, படம் எல்லாமே அந்த ஊர்தான். அந்த அளவுக்குத் தெரியும்.

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்கத் தட்டை, மேடே கிடையாது. காடியை (கார்தான்) கோபுரத்துக்குப் பக்கத்தில் எங்காவது நிறுத்துங்கள். கோபுரத்தை ஒரு சுற்று, பழைய கடை வரிசை வழியாக ஆற்றங்கரை, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அதே வழியில் திரும்புதல். உங்கள் அப்பா நடையில் நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. காலை 9 மணிக்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் சாயங்காலம் 5.30க்குப் பிறகு. கையில் குடை இருக்கட்டும், மத்தியானத்துக்கு மேல் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. கிளம்பும் முன்பே சாப்பாட்டுக் கடையில் கழிவறை வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சித்ரா பௌர்ணமி சமயம் மட்டும் வேண்டாம். செட்டியார் கோயில் தேர் பார்க்க எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும், முட்டிவலிக்காரரை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கும்.

பாதையைச் சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் அப்பா நடப்பாரா என்பது வேறு கேள்வி.

என் அப்பாவுக்கு 81 வயது. இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருபது வருஷமாக. கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் "நடக்க வையுங்கள்" என்பார்கள். தாமானில் விளையாட்டுத் திடல் இருக்கிறது, சுற்றி நடக்க சிமெண்டுப் பாதையும் போட்டிருக்கிறார்கள். அப்பா அதில் அரைச் சுற்று போவார், நின்றுவிடுவார்.

"எங்க போறதுக்கும்மா நடக்கிறோம்?"

எனக்குக் கோபம் கோபமாக வரும். சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன். விடியும் முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போய், நெற்றி விளக்கோடு நெரை நெரையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பால் வாளியைத் தூக்கி ஸ்டோர் வரைக்கும் நடந்த மனுஷன். வேலைக்காடு போய்ச் சேரத்தான் அவருக்குக் கால். வட்டமாகச் சுற்றுவதற்கு இல்லை. இது எனக்குப் புரிய ஒரு நாள் தெலுக் இந்தான் போக வேண்டியிருந்தது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனேன். கோபுரத்தைக் காட்டி, படித்து வைத்ததையெல்லாம் ஒப்பித்தேன். 1885இல் லியோங் சூன் சோங் என்ற சீனர் கட்டியது, வெளியே பார்த்தால் எட்டு மாடி போல இருக்கும், உள்ளே மூன்றே மாடிதான், உயரம் 25.5 மீட்டர், படி 110, உள்ளே தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள், அந்தக் கனத்தில் இளக்கமான மண் அமுங்கிச் சாய்ந்துவிட்டது. அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"லாரி நிக்கிற எடம்" என்றார்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரி ஆட்களை இங்கேதான் கொண்டுவந்து இறக்குமாம். திரும்பிப் போக இந்தக் கோபுரத்துக் கடிகாரத்தில் மணியைப் பார்த்துத்தான் எல்லோரும் ஓடிவருவார்களாம். சொல்லிக்கொண்டே அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் வேறு பக்கம் திரும்பினார்.

ஊரை அவர் இன்னும் தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்வார். (1882இல் ஆர்ச்சிபால்ட் ஆன்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரை வைத்தார்கள், 1982இல் மாற்றினார்கள். திருத்த வேண்டாம், எனக்கும் தெரியும்.) அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை) தூண்களைத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று, "இங்கதான் உங்கம்மா காதுத் தோட்ட அடகு வெச்சேன், மீட்டுட்டேன்" என்றார். அடகுக்கடை இருந்த இடம். இப்போது அங்கே கண்ணாடிக் கடை. இன்னும் கொஞ்ச தூரம் போய், கைப்பேசிக் கடை ஒன்றின் வாசலில் சும்மா நின்றார். "இங்க என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல." முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. கள்ளுக்கடை என்று எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. அம்மா இருந்த வரைக்கும் "பாதிச் சம்பளம் தெலுக் ஆன்சன் தண்ணியில கரைஞ்சிரும்" என்று திட்டுவார்.

அங்கேதான் வினை. பழைய அஞ்சடிகளில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், அரையடி வித்தியாசம்கூட இருக்கும். அதற்கு மேல் மோட்டாரைக் குறுக்கே நிறுத்தி, சாமான் பெட்டிகளை அடுக்கி வைத்துவிடுகிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஜனங்கள் நடக்கத்தானே அதைக் கட்டினார்கள்? மோட்டாரைச் சுற்றிப் போக அப்பா சாலையில் இறங்கினார். லொங்காங் (சாக்கடை) மேல் ஒரு பலகை இல்லை. நல்ல வேளையாகக் கால் போகவில்லை, சிலிப்பர் மட்டும் உள்ளே போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் ஒரு சீன அம்மா கடைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் முக்காலியோடு ஓடிவந்து, "டூடோ, அங்கள், டூடோ" என்று உட்காரவைத்து, உள்ளே போய் ஒரு ஜோடி நீல ஜப்பான் சிலிப்பரைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். காசு வாங்கவே மாட்டேன் என்றார். ஐந்து வெள்ளியை (ரிங்கிட்) முக்காலி மேல் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். "ஆத்தப் பாக்காமயா?" என்று எழுந்துவிட்டார்.

சுமார் 400 கிலோமீட்டர் ஓடிவரும் பேராக் ஆறு. நாங்கள் போனபோது கடலிலிருந்து நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தென்னை மட்டை மேற்பக்கமாக, ஆறு வந்த வழியிலேயே, மெதுவாகத் திரும்பிப் போனது. அப்பா அது மறையும் வரை பார்த்தார். தாப்பா ரோட்டிலிருந்து இங்கே ரயில் வந்ததையும், நண்பர் ஒருவர் கடைசி லாரியைத் தவறவிட்டு ராத்திரி பூராவும் நடந்தே தோட்டத்துக்கு வந்ததையும் சொன்னார். அந்த நண்பர் இவரேதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

என் கைப்பேசி அன்றைக்கு 2,300 காலடி காட்டியது. திடலில் நூறு காலடிக்கே மூச்சு வாங்குகிறது என்று உட்காருபவர். முட்டியைக் கவனிக்காமல் நடக்கவிடலாமா என்று மருத்துவம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். வழியில் ஐந்து தடவை உட்காரவைத்தேன், சர்க்கரை மிட்டாய் பையில் இருந்தது. மறுநாள் கால் வீங்கியதும் உண்மைதான். தைலம் தேய்த்தேன், சரியாகிவிட்டது.

இதை அண்ணனிடம் போனில் சொன்னதுதான் தப்பு. சிங்கப்பூரில் இருக்கிறார், காலையில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புவதோடு சரி. "அவர ஏன் நடக்க வெச்ச?" என்று என்னைக் கத்திவிட்டு, அடுத்த வாரமே இணையத்தில் ஒரு சக்கர நாற்காலி வாங்கி அனுப்பிவிட்டார். என் சின்னக் காடியின் பின்பெட்டியில் அது நுழையாது. வீட்டு வாசற்படியில் ஏறாது. அளவு கேட்டிருக்கலாம், இல்லையென்றால் ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம். அப்பா அதன் மேல் துணி காயப்போடுகிறார்.

அதனால் நீங்கள் கிளம்பும் முன் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள், சின்ன வயதில் தெலுக் ஆன்சனுக்கு எதற்காவது வந்திருக்கிறாரா என்று. வந்திருக்கிறார் என்றால் நான் மேலே சொன்ன பாதையை விட்டுவிட்டு அவர் பின்னால் போங்கள், அஞ்சடியில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வந்ததே இல்லை என்றால் கோபுரம், கடை வரிசை, ஆறு. முடித்துவிட்டு மீ ரோஜாக் (நூடுல்ஸ் பலகாரம்) சாப்பிடுங்கள்.