கார்ட்டில் போடுகிறார்கள், ஆனால் வாங்குவதில்லை

விளம்பரத்தை மாற்றாதீர்கள், பணம் கட்டி ஆர்டரை முடிக்கும் செக்அவுட் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் ஆன்லைன் கடைக்கு விளம்பரத்திலிருந்து கிளிக் வருகிறது, கார்ட்டில் பொருள் சேருகிறது, பணம் கட்டும் இடத்தில் ஆள் காணாமல் போகிறார் என்கிறீர்கள். அப்படியென்றால் விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது.

டெலிவரி கட்டணம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பொருள் பக்கத்தில் ஒரு விலை, கடைசிப் படியில் வேறு தொகை. வித்தியாசம் சின்னதுதான், ஆனாலும் ‘இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே’ என்று எரிச்சல் வரும்.

1. தளத்துக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் எக்ஸ்ப்ளோர் பகுதியில் ஒரு ஃபனல் (எந்தப் படியில் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்று காட்டும் படம்) போடுங்கள்: கார்ட், செக்அவுட் தொடக்கம், டெலிவரி விவரம், பேமென்ட், பர்ச்சேஸ். இந்த ஈவென்ட்கள், அதாவது வாடிக்கையாளர் செய்யும் ஒவ்வொரு செயலும், தானாகப் பதிவாகாது, தளத்தில் அமைத்திருக்க வேண்டும். மொபைலையும் கணினியையும் பிரித்துப் பாருங்கள்.

2. டெலிவரி படியில் ஆள் எண்ணிக்கை சரிந்தால் கட்டணத்தைப் பொருள் பக்கத்திலேயே காட்டுங்கள். அதற்கு முன்பே சரிகிறதா? கணக்கு தொடங்கச் சொல்லி வற்புறுத்துகிறீர்களோ என்னவோ.

3. அப்புறம், உங்கள் போனில் லாகின் செய்யாமல் நீங்களே ஒன்று வாங்கிப் பாருங்கள். கட்டைவிரலால் முகவரி முழுக்கத் தட்டும்போது பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஒன்று மட்டும்: கார்ட்டைப் பலர் ‘பிறகு பார்க்கலாம்’ பட்டியலாகத்தான் வைத்திருக்கிறார்கள். போனில் சேர்த்துவிட்டுக் கணினியில் வாங்குபவர் இரண்டு ஆளாகப் பதிவாகலாம். அதனால் இரண்டு நாள் கணக்கை வைத்து எதையும் மாற்றிவிடாதீர்கள்.