துறைமுகத்தில் தங்கிவிட்ட சரக்கு

கேள்வி: லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது உரம்தான் என்கிறார்கள். எங்கள் தெரு உரக்கடை மூட்டைகளும் வெடிக்குமா? சென்னை மணலி கிடங்கில் இருந்ததும் அதே சரக்குதானா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உரக்கடையில் இருப்பது பெரும்பாலும் யூரியா, டிஏபி, பொட்டாஷ். பயப்படாதீர்கள். பெய்ரூட்டில் இருந்தது அமோனியம் நைட்ரேட். பார்க்க ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் குருணை, தானாகத் தீப்பற்றாது. ஆனால் பக்கத்தில் தீ பிடித்து அதைச் சூடாக்கிவிட்டால், எரிய வேண்டிய ஆக்சிஜனை அதுவே கொடுக்கும், அதனால் காற்றை அடைத்து அணைக்க முடியாது. 1947 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் ‘கிராண்ட்கேம்ப்’ கப்பலில் இதே சரக்கு புகைந்தபோது, தண்ணீர் பட்டால் சரக்கு வீணாகிவிடும் என்று மூடியை அடைத்து நீராவியைச் செலுத்தினார்கள்; சூடு ஏறியதுதான் மிச்சம். கப்பல் வெடித்து 500 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பெய்ரூட் கதை இன்னும் கொடுமை. ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக் போக வேண்டிய ‘ரோசஸ்’ கப்பல் 2013-ல் அங்கே வந்து, பழுது, பாக்கி என்று முடங்கியது. அதிலிருந்த 2,750 டன்னை அடுத்த வருடம் 12-ம் எண் கிடங்கில் இறக்கினார்கள். சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதியும் ஆறு வருடம் மூட்டைகள் அசையவில்லை, அதே கூரைக்குக் கீழே பட்டாசு வேறு. 2020 ஆகஸ்ட் 4 மாலை, கிடங்கில் தீ என்று மட்டும் கேட்டு ஓடிப்போன தீயணைப்புப் படையினர் பத்துப் பேரும் திரும்பவில்லை. மொத்தம் 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மணலியில் இருந்ததும் இதேதான். 2015-ல் சுங்கத்துறை பிடித்து வைத்த சுமார் 700 டன், 37 கன்டெய்னர்களில் வழக்குக்கும் ஏலத்துக்கும் காத்துக் கிடந்தது. பெய்ரூட் வெடித்த ஒரு வாரத்துக்குள் ஹைதராபாத்துக்கு லாரி ஏறத் தொடங்கியது. அப்படியென்றால் முன்பே ஏற்றியிருக்கலாம் அல்லவா? எனக்கு ஆறாதது இதுதான். 2021-ல் நம் விதிகளைத் திருத்தி, துறைமுக எல்லையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால்தான் சேமிக்க வேண்டும், பிடிபட்ட சரக்கை ஏலம் விடலாம் என்று கொண்டுவந்தார்கள்.

சரி, எப்படி வைக்க வேண்டும்? சின்னச் சின்ன அடுக்காக, நடுவில் இடம் விட்டு, டீசல், மரம், பஞ்சு, பட்டாசு எதுவும் அண்டாமல், நல்ல காற்றோட்டத்தில். உருகினால் தேங்கி நிற்கப் பள்ளமோ சாக்கடையோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கிடங்கில் என்ன, எத்தனை டன் என்ற பட்டியல் தீயணைப்பு நிலையத்தில் அன்றன்றைக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: கன்டெய்னர் லாரிகளில் மஞ்சள் சாய்சதுரம் ஒட்டியிருக்கிறதே, என்ன அது?
– வாசகி, எண்ணூர்

பதில்: வட்டத்தின் மேல் தீச்சுவாலை, கீழே 5.1 என்று இருந்தால், மற்றதை வேகமாக எரியவைக்கும் பொருள் உள்ளே இருக்கிறது. கூடவே 1942 என்ற எண் இருந்தால் அது அமோனியம் நைட்ரேட். அந்த வண்டி புகைவதைப் பார்த்தால் நின்று வீடியோ எடுக்காதீர்கள், உடனே தூரமாகப் போய் 112-க்குச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருந்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள். பெய்ரூட்டில் புகையை வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு வந்த எத்தனையோ பேரைக் கண்ணாடிதான் கிழித்தது.