மீட்டர்ல 12 வோல்ட் காட்டுது, ஆனா பேட்டரி ஃபேன் சுத்தல, ஏன்?

கேள்வி: என் ஹைப்ரிட் கார்ல வார்னிங் லைட் எரியுது, ஸ்கேனர்ல பி0ஏ81 கோடு. ஹைப்ரிட் பேட்டரியை கூல் பண்ற ஃபேன் சுத்தல. ஃப்யூஸ் ஓகே, ஃபேன் கனெக்டரை கழட்டி மீட்டர் வெச்சா 12 வோல்ட் வருது. அப்போ ஃபேன்தானே போச்சு, புதுசு வாங்கிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்க, அந்த 12 வோல்ட்டை நம்பித்தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, நானும் ஒரு தடவை புது ஃபேன் மாட்டி அதுவும் சுத்தாம முழிச்சிருக்கேன், கடைசில பாத்தா ஃபேனுக்கு கரன்ட்டை ஆன் ஆஃப் பண்ற ரிலேயோட கான்டாக்ட் கருகிப் போயிருந்துச்சு.

முதல்ல ஒண்ணு, பேட்டரி கூலா இருந்தா ஃபேன் சுத்தாது, அது ஃபால்ட்டே இல்ல. ஸ்கேனர்ல ஆக்டிவ் டெஸ்ட் போட்டு ஃபேனை ஓட விட்டுப் பாருங்க. கோடு நம்பரையும் கவனிங்க, பி0ஏ81ன்னா கன்ட்ரோல் சர்க்யூட் பக்கம் பிரச்சனை, பி0ஏ82ன்னா ஓடச் சொல்லியும் ஒழுங்கா ஓடலன்னு அர்த்தம், அதுக்கு இன்டேக் கிரில்லுல அடைஞ்ச தூசியும் நாய் முடியும்கூட காரணமா இருக்கும்.

இப்ப மேட்டருக்கு வரேன். மீட்டர் கரன்ட்டே இழுக்காது, அதனால பத்து இழைல ஒரே இழை மட்டும் மிச்சம் இருக்கிற வயர்லகூட முழு 12 வோல்ட் காட்டிடும், ஃபேன் ஆம்பியர் இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். கனெக்டரை கழட்டாம, பின்பக்கமா மீட்டர் புரோப் விட்டு, ஃபேனுக்கு கமாண்ட் குடுத்துட்டு அளந்து பாருங்க. 12 வோல்ட் பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஃபேன் பிளஸ் பின்னுக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வழில எங்கயோ தடை இருக்கு, ரிலே, ஃப்யூஸ் ஹோல்டர், கனெக்டர்னு ஒவ்வொண்ணா நெருங்கிப் போங்க. எர்த் பக்கமும் இதே மாதிரி, 0.2 வோல்ட் தாண்டினாலே சந்தேகப்படலாம். கனெக்டர் உள்ள பச்சையா பூத்திருந்தாலோ பின் பழுப்பா வெந்திருந்தாலோ ஆள் மாட்டிக்கிச்சு. ஃபேன் அசையவே இல்லன்னா கரன்ட் ஓடாமலே இருக்கலாம், அப்போ வழில இழக்கிற வோல்டேஜும் (டிராப்) தெரியாது, அதனால கனெக்டரை கழட்டி வயர் பக்கத்து பிளஸ், எர்த் பின் ரெண்டுக்கும் நடுவுல 21 வாட் பல்பு ஒண்ணு போடுங்க, மங்கலா எரிஞ்சா வயரிங்தான்.

சப்ளை, எர்த் ரெண்டும் சுத்தம்னா அப்புறம் சிக்னல் வயர். அதுல வர்றது பெரும்பாலும் பிடபிள்யூஎம், அதாவது வேகமா ஆன் ஆஃப் ஆகுற சிக்னல், மீட்டர்ல 4, 6ன்னு சராசரிதான் காட்டும், அதைப் பாத்துட்டு வோல்டேஜ் கம்மின்னு முடிவு பண்ணாதீங்க, ட்யூட்டி, அதாவது எத்தனை சதவீத நேரம் ஆன்ல இருக்குன்னு பாக்கணும். மூணு நாலு வயர் வர்ற பிரஷ்லெஸ் ஃபேனுக்கு (கார்பன் பிரஷ் இல்லாம எலக்ட்ரானிக் போர்டு ஓட்டுற மோட்டார்) நேரடியா 12 வோல்ட் குடுத்து டெஸ்ட் பண்ற வேலை மட்டும் வேணாம், பின் மாறினா உள்ள இருக்கிற போர்டு காலி. சப்ளை, எர்த், சிக்னல் மூணும் சரியா வந்தும் சுத்தலன்னா தாராளமா ஃபேன் வாங்கிக்கோங்க.

ஃபேன் பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனா அது உக்காந்திருக்கிற இடம் ஹை வோல்டேஜ் பேக் பக்கத்துல, ஆரஞ்சு வயர் கிட்டயோ பேட்டரி கவர்லயோ கை வெக்கிற நிலைமை வந்தா ட்ரெயினிங் எடுத்த மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.